பட்டம் கேட்ட கதவு

ஒரு காட்டில் செல்போன் டவர் உண்டு, சிக்னல் மட்டும் கிடையாது. அந்தக் காட்டின் சிங்கராஜா தன் குகைக்கு ஆட்டோமேட்டிக் கம்பிக் கதவு போட்டார். மூன்றாம் நாளே அது மூடிக்கொண்டது, திறக்கவில்லை. ராஜா உள்ளே, ராஜ்யம் வெளியே.

ரிப்பேருக்கு வந்தவள் செவ்வந்தி என்ற கீரி. கெட்டிக்காரி. எடுத்த வேலையை முடிக்காமல் வீட்டுக்குப் போகத் தெரியாது, பாவம். கதவை இயக்கும் குட்டி போர்டைத் திறந்து பார்த்தாள்.

"பழைய புரோகிராம் குழம்பிப்போச்சு. புதுசை மெமரி கார்டுல போட்டுச் சொருகினா ஒரு நிமிஷ வேலை" என்றாள்.

அரண்மனைக்குள் எது போனாலும் மந்திரி பார்த்துத்தான் அனுப்புவார். மந்திரி ஓநாய், பெயர் பரமானந்தம். அவர் கையிலிருந்து கார்டை வாங்கிச் சொருகினாள். விளக்கு சிமிட்டியது, கதவு அசையவில்லை. கார்டைத் துடைத்தாள், ஊதினாள், ஃபார்மட் செய்தாள், வேறு கார்டு மாற்றினாள். ஒவ்வொரு முறையும் கார்டு மந்திரியின் கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் வந்தது. ம்ஹூம்.

"என்னம்மா, ஆச்சா? பசியில உயிர் போகுது" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

ஐந்தாம் முறை கார்டைத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. 'கதவு' என்று அவள் பெயர் வைத்த ஃபைல், 'கானகம் காத்த கர்ஜனைச் செம்மல் மாமன்னர் கதவு' என்று நீண்டு கிடந்தது. மந்திரியை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஐயா, பேரை யார் மாத்தினது?"

"நான்தான். ராஜா வீட்டுக் கதவை மொட்டையா 'கதவு'ங்கிறதா? மரியாதை வேண்டாமா?"

"போர்டுக்கு மரியாதை தெரியாதுங்க. ஒரு எழுத்து கூடினாலும் திரும்பிப் பார்க்காது."

பட்டங்களை வெட்டியெறிந்தாள். குஷி தாங்கவில்லை. கார்டோடு போர்டுக்கு ஓடினாள்.

"திறந்ததும் நீ முன்னால நில்லு" என்ற மந்திரி, தான் நான்கடி பின்வாங்கினார். "முதல் தரிசனம் ரிப்பேர் பண்ணினவங்களுக்குத்தான். சம்பிரதாயம்."

கம்பிக்குள் ராஜா மீசையை நக்கிக்கொண்டார். "கிட்ட வாம்மா. சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு."

செவ்வந்தியின் வால் விறைத்தது. பயம்தான், அப்பட்டமான பயம். கையை இழுத்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும் ராஜா. மந்திரி ஐயா சொன்னதுதான் சரி. உங்க கதவுக்குப் பட்டம் போதலை, அதான் போர்டு கோவிச்சுக்குது. 'அகிலம் அதிரும் ஆற்றலரசர்'னு சேர்த்துப் பார்க்கட்டுமா?"

தன் யோசனையை முதல் முறையாக ஒருத்தி ஒப்புக்கொண்டதில் பரமானந்தம் உருகிப்போனார். ராஜாவுக்குப் பிடரி சிலிர்த்தது. "சேர்த்துடு, சேர்த்துடு!"

திறக்கவில்லை. மறுநாள் இன்னொரு பட்டம். அடுத்த வாரம் பட்டமளிப்பு விழா, மேளம், மான்களின் கும்மி. பசிக்குக் கம்பி வழியே பூசணிக்காய் போனது. 'சைவத் திலகம்' கிடைத்த அன்று அதையும் முணுமுணுக்காமல் தின்றார்.

இப்போதெல்லாம் ராஜா கதவைப் பற்றிக் கேட்பதே இல்லை. விடிந்தால் "இன்னிக்கு என்ன பட்டம்?" என்பார். மான்கள் குகை வாசலிலேயே மேய்கின்றன.

நீதி: பெரியவர்களை உள்ளே வைக்கப் பூட்டு வேண்டாம், பட்டம் போதும். மெமரி கார்டை மட்டும் கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள்.