சுண்டல் நேரத்து எதிர்ப்பு

ஒரு காட்டில் ‘எதிர்க்கிறேன்’ என்ற சொல்லுக்குப் பெரிய மரியாதை இருந்தது. அவ்வளவு மரியாதை என்பதால் யாரும் அதை வாயில் எடுப்பதே இல்லை.

அந்தக் காட்டுச் சபையில் ஒரு வழக்கம். சிங்க ராஜா உத்தரவைப் படித்ததும் எல்லோருக்கும் சூடாகச் சுண்டல் வரும். எல்லா வாயும் நிறைந்த பிறகு மந்திரி நரி மைக்கைப் பிடித்து, யாராவது எதிர்க்கிறீர்களா என்று கேட்கும். வாயில் எதையாவது வைத்துக்கொண்டு ராஜாவிடம் பேசுவது அவமரியாதை. ஆகவே எல்லா உத்தரவும் ஏகமனதாக நிறைவேறும்.

அன்றைய உத்தரவு, குளத்தை மூடிவிட்டு ராஜாவின் புதுக் காரை நிறுத்த இடம் கட்டுவது. ராஜாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம். அந்தக் குளத்துக் கரை மணலில்தான் ஆமை முட்டையிட்டிருந்தது. குஞ்சுகள் வெளிவரும் நேரம். நீயாவது சொல்லேன் என்று பக்கத்திலிருந்த மானிடம் கெஞ்சியது. தாகத்துக்கு அதே குளத்தை நம்பியிருந்த மான், இன்னொரு கரண்டி சுண்டல் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

ஆமை தன் பங்கைத் தள்ளிவைத்தது.

“எதிர்க்கிறேன். என் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.”

சபை மெல்லுவதை நிறுத்தியது. கர்ஜனை வரப்போகிறது என்று ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஆனால் நரிதான் உருகிப்போய்ப் பேசியது.

“ஆமையம்மா, இந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! இதன் பொருளை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டாமா?”

உடனே பண்டிதர் ஆந்தை மேடையேறியது. எதிர்ப்பு என்றால் என்ன, அதை யார் சொல்லலாம், யார் முன்னால் எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று பொழுது சாயும்வரை விளக்கித் தள்ளியது. நடுவே குளத்துப் பக்கம் யானைகள் மண் கொட்டும் சத்தம் கேட்டது. பதறி எழுந்த ஆமையை, விழா நாயகியே போனால் எப்படி என்று நரி பிடித்து உட்காரவைத்தது. பிறகு பொன்னாடை போர்த்தி, ‘எதிர்ப்புச் செம்மல்’ என்று பட்டமும் கொடுத்து, ராஜாவின் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். முதலில் கைதட்டியது மான்தான்.

பொன்னாடையை இழுத்துக்கொண்டு ஆமை வந்து சேர்ந்தபோது கரையும் இல்லை, மணலும் இல்லை. ஈரம் காயாத சிமெண்டில் முகத்தை வைத்து வெகுநேரம் அழுதது.

அடுத்த சபைக்கு அது எல்லோருக்கும் முன்னால் வந்தது. பொன்னாடையை விரித்து இரண்டு பங்கு சுண்டல் வாங்கிக்கொண்டது. நரி வழக்கம்போல் கேட்டபோது ஆமையின் வாய் நிறைந்திருந்தது.

நீதி: எதிர்ப்பதானால் சுண்டலைத் தின்றுவிட்டு எதிர்க்கவும், கையில் கிடைக்கப்போவது அது ஒன்றுதான்.