வாசல் பக்கத்து ரசிகர்

பேஸ்பால் மைதானங்களில் 'அடிடா' இனம் என்று ஒன்று உண்டு. நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. பார்க்காவிட்டாலும் காதில் விழுந்திருக்கும். தப்பான பந்து நாலை அடிக்காமல் விட்டால் மட்டைக்காரன் சும்மா நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம் என்பது ஆட்டத்தின் விதி. இந்த இனத்துக்கோ அது அவமானம்.

அயோவாவில் எங்கள் ஊர் வெர்ன் ஹிலாட்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வறுபடும் சோளம் பொரிவதற்குள் மூடியைத் திறப்பார், மீன் கடிப்பதற்குள் தூண்டிலை இழுப்பார், ஆட்டம் தொடங்குமுன்பே காரை மூக்கு வாசலைப் பார்க்க நிறுத்திவிட்டு வந்துதான் உட்காருவார். உட்கார்ந்தால் ஒரே மந்திரம்: "அடிடா! மட்டையை எதுக்குடா தூக்கிட்டு வந்தே, முதுகு சொறியவா?"

அன்று அவர் மகன் கர்ட்டிஸுக்குக் கடைசி ஆட்டம். திங்கட்கிழமை ஒமாஹாவில் வேலைக்குச் சேருகிறான்; அதோடு மட்டைக்கு முழுக்கு. அவன் ஒரு முறையாவது ஜெயித்துக் கொடுப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று வெர்ன் தவியாய்த் தவித்தார். பாவம், உண்மையாகவே தவித்தார்.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட்; இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. கர்ட்டிஸின் முறை வர இன்னும் நாலு பேர் தாண்ட வேண்டும்.

"கதை முடிஞ்சுது. கிளம்பு டோரீன், கூட்டத்துல மாட்டிக்குவோம்."

அவர் மனைவி டோரீன், ஆட்டம் திரும்பட்டும் என்று ஊர் வழக்கப்படி தொப்பியை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க போங்க. நான் என் புள்ளையப் பாத்துட்டு வரேன்."

"அவன் முறை எங்கடி வரப்போவுது?"

போனார். வாசலில் முதல் கார் அவருடையதுதான். இரண்டாவது கார் இல்லை. ஊரே உள்ளே இருந்தது. ரேடியோவைத் திருகினார். முதல் ஆள் நாலு பந்தை விட்டு நடந்தான். அடுத்தவனும் நடந்தான். மூன்றாமவனும் நடக்க, தளம் மூன்றும் நிறைந்தது. நான்காமவன் நடந்ததும் முன்னால் நின்றவன் தள்ளப்பட்டு, 'வீடு' என்கிற கடைசித் தளம் சேர்ந்தான்; ஒரு ரன். சமம்! அடுத்து கர்ட்டிஸ்.

வெர்ன் காரைவிட்டு இறங்கினாரா? எங்கே இறங்குவது? ரேடியோவைப் பிடித்துக்கொண்டு "அடிடா! அடிடா!" என்று கதறிக்கொண்டிருந்தார்.

மூன்று தப்புப் பந்து, இரண்டு நல்ல பந்து; இன்னொரு நல்ல பந்தைக் கோட்டைவிட்டால் அவுட். ஆறாவது பந்து வந்தது. கர்ட்டிஸ் மட்டையை அசைக்கவேயில்லை. நாலாவது தப்புப் பந்து. மறுபடியும் ஒருவன் தள்ளப்பட்டு வீடு சேர, வெற்றி! மைதானம் இரைந்த இரைச்சலில் கார் கண்ணாடி அதிர்ந்தது.

அரை மணி கழித்து மகன் காருக்கு ஓடி வந்தான்; பின்னாலேயே டோரீன். "அப்பா! பாத்தீங்களா?"

"பாக்காம? அதான் சின்ன வயசுலேர்ந்து சொல்றேனே, பொறுமை வேணும்னு!"

"எங்கப்பா உக்காந்திருந்தீங்க? அம்மா பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சே?"

டோரீன் தொப்பியைக் கழற்றி நேராக்கினாள். "வாசல் பக்கம்டா."

வெர்ன் காரை எடுத்தார். அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் பாதியிலேயே ஒரு முறை கண்ணை ஓட்டி இந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு மேலே போனீர்களே, அப்போது உங்கள் காரின் மூக்கு எந்தப் பக்கம் பார்த்திருந்தது?