தின்றுவிட்ட கிழங்கைச் சொத்தாக்கிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில், சிங்கம் புலி ஆட்சியெல்லாம் முடிந்து பங்குதாரர்கள் காலம் வந்தபிறகு, கோதண்டம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். கிழங்கு முதலீட்டுக் கம்பெனியில் கணக்கர் உத்தியோகம். விலங்குகள் கிழங்கைக் கொடுத்தால், கம்பெனி அதை வேறு காடுகளில் நட்டுப் பெருக்கி, எந்த மழைக்காலத்தில் கேட்டாலும் திருப்பித் தரும் என்பது ஏற்பாடு. முதலாளி ஒரு மயில்.

தொடக்க விழாவுக்கு யானையைக் கூப்பிட்டார்கள். அங்கேதான் பிடித்தது சனி. வசூலான கிழங்கில் பாதியைப் பந்தியிலேயே முடித்துவிட்டு, "நல்லா வருவீங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனது யானை.

ஆண்டறிக்கை நேரம் வந்தது. "பாதி காலின்னு எழுதினா நாளைக்கே எல்லாரும் வாசல்ல வந்து நிப்பாங்க. ஏதாவது பண்ணுங்க கணக்கரே," என்று மயில் கெஞ்சியது.

கோதண்டம் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு யோசித்தார். படித்த மூளையாயிற்றே, சும்மா இருக்குமா?

"யானை வந்த பெருமை இந்த வருஷத்தோட தீந்துடுமா? இன்னும் பல வருஷத்துக்கு ஆள் சேருவாங்க. அப்ப விருந்துச் செலவை மட்டும் ஏன் இப்பவே காட்டணும்? வருஷா வருஷம் கொஞ்சமாக் கழிச்சுக்கலாம். அதுவரைக்கும் 'ஒத்திவைத்த செலவு'ன்னு சொத்துப் பக்கத்துல உக்காரட்டும்."

"தின்ன கிழங்கு சொத்தா?" மயிலுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"அறிக்கையில இருந்தா சொத்துதான்."

அடுத்த வருஷம் வந்தது. கழிக்கிற வேலையையும் அதற்கடுத்த வருஷத்துக்குத் தள்ளினார். மயிலின் சுற்றுப்பயணம், தோகை அலங்காரம் எல்லாமே சொத்துப் பக்கம் ஏறிக்கொண்டன. கிடங்கை எலிகூட எட்டிப் பார்க்கவில்லை. அறிக்கை மட்டும் தேக்கிலையில் பளபளவென்று வந்தது.

ஒருநாள் சாயங்காலம் கோதண்டம் அதைச் சாவகாசமாகப் படித்தார். "அடேயப்பா, இவ்வளவு சொத்தா! இது தெரியாம வளையிலேயே கிழங்கைப் பூட்டி வச்சிருக்கேனே, நான் ஒரு மடையன்!"

மழைக்காலத்துக்கு வைத்திருந்த கிழங்கைக் கம்பெனியில் போட வாரிக் கட்டினார். மனைவி செண்பகம் குறுக்கே நின்றாள்.

"ஏங்க, இது நீங்க எழுதினதுதானே?"

"எழுதின எனக்கே நம்பிக்கை வருதுன்னா பாத்துக்கோயேன்!"

மழை பிடித்தது. கம்பெனி வாசலில் டோக்கன் வாங்கிய கூட்டம். கோதண்டமும் வரிசையில் நின்றார். முள்ளுக்குப் பயந்து யாரும் இடிக்கவில்லை. அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

"உங்க சொத்து பத்திரமா இருக்கு கணக்கரே," என்றது மயில்.

"எங்கே?"

"அதோ, ஓடையில நிக்குது பாருங்க. நல்லா வளந்திருக்குல்ல?"

ஓடையில் யானை குளித்துக்கொண்டிருந்தது. திட்டலாம் என்றால், எழுதியது கோதண்டத்தின் கையல்லவா!

நனைந்தபடி வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே கிழங்கு சுடும் வாசனை. செண்பகம் கொஞ்சத்தை ஒளித்துவைத்திருக்கிறாள், மகராசி! பிள்ளைகள் பட்டினியில்லை என்று அவருக்கு உயிர் வந்தது.

"போட்ட கிழங்கு எங்கேங்க?" உள்ளிருந்து குரல் வந்தது.

"எங்கேயும் போகலை செண்பகம். ஒத்திவச்சிருக்கு, அவ்வளவுதான்."

"அப்படியா? நானும் கதவைத் திறக்கிறதை ஒத்திவச்சிருக்கேன். மழை விட்டதும் வாங்க."

நீதி: அறிக்கை எழுதுகிறவன் அதைப் படிக்கவே கூடாது, அதற்கென்றுதான் முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள்.