ஒரே முகவரி

"வருதா?" என்று கத்தினார் கணக்காளர்.

"எது?" என்றாள் பின்னறையிலிருந்து மனைவி.

"என் கம்ப்யூட்டர் உன்னுதுல தெரியுதா?"

"என் மூஞ்சிதான் தெரியுது. திரை கறுத்துப்போச்சு."

மனைவியின் பழைய கம்ப்யூட்டர் இன்றோ நாளையோ கண்ணை மூடிவிடும். பென் டிரைவ் செருகும் வாய்கள் எப்போதோ செத்துவிட்டன. வேலைக்காக வெளியூரில் இருக்கும் மகள், சின்னக் குழந்தையாகப் பேசிய மழலைப் பதிவு அதில் மட்டுமே இருந்தது. கணக்காளரின் கம்ப்யூட்டரும் கிழம்தான், ஆனால் மூச்சு இருந்தது. நடுவே ஒரு கேபிளைப் போட்டு மழலையை இந்தப் பக்கம் இழுத்துவிட வேண்டும்.

கேபிள் ஒரு முழம் குறைந்தது. மேசையை நகர்த்தினார். அது பின்னறைக் கதவைத் திறக்கவிடாமல் அடைத்துக்கொண்டது. மனைவி உள்ளே, அவர் வெளியே. அணைத்துப் போட்டதில் அவள் திரைக்கு மறுபடி உயிர் வந்தது. அவளுடைய கம்ப்யூட்டரின் இரைச்சலை மீறித் தொண்டை கிழியக் கத்த வேண்டியதாயிற்று.

"ரெண்டுக்கும் ஒரே முகவரியாம். அதான் சண்டையாம்."

"இத்தனை வருஷமா ஒரே முகவரிதானே?"

"இனிமே ஒத்துவராது. நீ வேற முகவரிக்குப் போயிடு."

பக்கத்து வீட்டில் காலையிலிருந்து கேட்ட வாக்குவாதம் சட்டென்று நின்றது. நம் கூச்சல் பொறுக்கவில்லை போலும் என்று கணக்காளருக்குக் கூச்சமாயிற்று. ஆனாலும் தொண்டையைத் தணிக்க வழியில்லை.

அவளுடைய கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரியை மாற்றினார்கள். வேறொரு சிக்கல் முளைத்தது: வைரஸுக்குப் பயந்து இரண்டு கம்ப்யூட்டரிலும் எப்போதோ போட்டுவைத்த பாதுகாப்புச் சுவர்.

"நடுவுல சுவர் ஒண்ணு தடுக்குது!"

"எழுப்பச் சொன்னது யாரு? நீங்கதானே?"

"பயத்துல சொன்னேன். தப்பு என்னுதுதான். என் சுவரை நான் எடுத்துடறேன். நீயும் உன்னுதை எடுத்துடு."

"எடுத்துட்டேன். பகிர்ந்துக்க சம்மதமான்னு கேக்குது."

"இதையெல்லாமா கேக்கணும்? ஆமான்னு சொல்லு."

இறைவா, இந்த ஒரு தடவை மட்டும் என்று கண்களை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"அப்பா, நான் ஒளிஞ்சிக்கித்தேன். தேது!"

கணக்காளர் கையெடுத்துக் கும்பிட்டார். கதவுக்குப் பின்னால் மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கேட்காமலே இறைவன் கொடுத்தவை எத்தனை, இன்று கேட்டதையும் கொடுத்துவிட்டானே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

வாசலில் யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டு டிரைவர், கண்கள் சிவந்து நின்றிருந்தான்.

"மன்னிச்சுக்கப்பா, ரொம்ப சத்தம் போட்டுட்டோம்."

"ஐயோ, நான் நன்றி சொல்ல வந்தேங்க. காலையில எங்க வீட்டுக்காரி தன்னோட அம்மா வீட்டுக்குப் போறேன்னு பெட்டி கட்டிட்டா. 'தப்பு என்னுதுதான், என் சுவரை நான் எடுத்துடறேன்'னு நீங்க சொன்னதை அப்படியே நானும் சொல்லிப் பாத்தேன். பெட்டியைப் பிரிச்சிட்டா."

டிரைவர் அவர் தோளுக்கு மேலாக எட்டி, மேசை அடைத்திருந்த கதவைக் கவலையோடு பார்த்தான்.

"அம்மா வேற முகவரிக்குப் போயிடலையே, ஐயா?"