எட்டு மணிக் கதவுக்கு ஒரு விளக்கவுரை

தொழிற்சாலை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு கதவு இருக்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் நவதுருவா வால்வு வார்ப்படத் தொழிலகத்துக்கும் ஒரு கதவு உண்டு. அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து திறக்கும். காலை எட்டு மணி தாண்டி ஒரு நிமிஷம் ஆகிவிட்டால் சிவப்பு எரியும். அப்புறம் பன்னிரண்டு மணிக்குத்தான் உள்ளே போக முடியும். நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்றாவது சிவப்பு விழுந்தால் அட்டையே செத்துப்போகும். அட்டைக்காரர் வேறு கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் தொழிலாளர்களுக்கு. அதிகாரிகளுக்கு எந்த நேரமும் பச்சைதான். எங்கள் பொது மேலாளர் வரதன் அண்ணா நகரிலிருந்து காரில் ஒன்பதே முக்காலுக்கு வந்து இறங்குவார். கதவு அவரிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் கணக்குப் பிரிவில் உதவி அதிகாரி. அத்திப்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வருகிறவன். அந்த ரயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கதவை ஆட்டிவைக்கும் புரோகிராமை எழுதிய புண்ணியவான் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். போகும்போது அரை வரி விளக்கம்கூட எழுதி வைக்கவில்லை. அது ஷைனியின் தலையில் விழுந்தது. ஷைனி பொன்னேரிப் பெண். கம்ப்யூட்டர் பிரிவில் நான்கு வருஷமாக ஒப்பந்த ஊழியர். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு மேலே போயிருக்கிறது என்று நான்கு வருஷமாகச் சொல்லி வந்தார்கள். எவ்வளவு மேலே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அடுத்தவர் எழுதியது புரியாமல் திண்டாடிய ஷைனி, தன் எடிட்டரில் ஒரு வேலை செய்தாள். எடிட்டர் என்றவுடன் பத்திரிகை ஆசிரியரை நினைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் எழுதுவதற்கு ஒரு கறுப்புத் திரை, அவ்வளவுதான். அதில் ஒரே கோப்பில், மேலே இரண்டு வரி தமிழில் 'இது இன்ன காரணத்துக்காக' என்று எழுதுவாள். கீழே அதற்கான புரோகிராம் வரி. மறுபடி தமிழ், மறுபடி புரோகிராம். ஒரு பொத்தானை அழுத்தினால் புரோகிராம் வரிகள் மட்டும் பிரிந்து கதவுக்குப் போகும். இன்னொன்றை அழுத்தினால் மொத்தமும் மனிதர் படிக்கும் புத்தகமாக அச்சாகும். இந்த முறைக்கு லிட்டரேட் புரோகிராமிங், அதாவது எழுத்தறிவுள்ள நிரல், என்று பெயராம்.

அப்படி எழுதிக்கொண்டே போனவள் ஒரு வரியில் வந்து முட்டிக்கொண்டாள். அதிகாரிகளை எந்த நேரமும் உள்ளே விடும் வரி அது. காரணம் கேட்டு நாலு பிரிவுக்கும் அலைந்தாள். என்னிடமும் வந்தாள். எனக்குக் கணக்கு முடிக்கிற நேரம். கடைசியில் அவள் எழுதியது இதுதான்: "எட்டு மணி தாண்டி வரும் தொழிலாளிக்குக் கதவு திறக்காது. அதிகாரிக்குத் திறக்கும். ஏன் என்று யாரைக் கேட்டாலும் சொல்லவில்லை. சொன்னால் இந்த இடத்தில் எழுதுகிறேன்."

இதை அவள் எழுதிய வாரம்தான் சின்னப்பொண்ணுக்கு முதல் சிவப்பு விழுந்திருந்தது. சின்னப்பொண்ணு மணல் அச்சுப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. என்னோடு அத்திப்பட்டில் ஏறுவாள். பொன்னேரியில் ஏறும் ஷைனிக்குத் தினமும் இடம் பிடித்து வைப்பாள்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த காரியம், வரதன் சென்னையில் ஒரு ஹோட்டல் கருத்தரங்குக்குப் போய்வந்ததும் கெட்டது. மதியச் சாப்பாட்டோடு அவருக்கு இந்த லிட்டரேட் நாகரிகத்தையும் பரிமாறியிருக்கிறார்கள். மறுநாளே கூட்டம்.

"நம்ம கம்பெனியில லிட்டரேட் புரோகிராம் எத்தனை இருக்கு?"

"ஒண்ணு இருக்கு சார். வாசக் கதவு," என்றாள் ஷைனி.

"ஒண்ணுதானா? அப்ப மத்ததெல்லாம் படிக்காததா?" என்று வரதன் உண்மையிலேயே கவலைப்பட்டார்.

மனிதவள அதிகாரி கல்பனா உடனே குறித்துக்கொண்டார்: 'அனைத்து நிரல்களுக்கும் எழுத்தறிவு புகட்டும் சிறப்புத் திட்டம்.' திட்டத்துக்கு ஒரு குழு அமைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன் என்ற பழைய பாவத்துக்காக, எழுத்துப்பிழை பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

அதுவரை கதவு புரோகிராமில் யாரும் கை வைத்ததில்லை. புரியாதது அதற்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது. இப்போது தமிழில் இருக்கிறது. எல்லோருக்கும் புரிந்தது. ஆகவே எல்லோருக்கும் அபிப்பிராயம் வந்துவிட்டது. 'கதவு' என்ற சொல் கம்பெனியின் தரத்துக்குப் போதாது என்று கல்பனா அதை 'நுழைவு அனுபவ முனையம்' ஆக்கினார். பாதுகாப்புப் பிரிவு பக்கத்துக்குப் பக்கம் 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' என்று சேர்க்கச் சொன்னது. கதவுக்குத் தலை எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார்; அவரை உபகுழுவில் போட்டார்கள்.

பிறகு ஷைனியின் அந்த வரிக்கு வந்தோம்.

"'யாரைக் கேட்டாலும் சொல்லவில்லை.' இது என்னம்மா?" என்றார் வரதன்.

"விளக்கம் சார். தெரிஞ்சா தெரிஞ்சதை எழுதணும். தெரியலன்னா தெரியலன்னு எழுதணும்."

"தெரியாதுன்னு எழுதறதுக்கா எழுத்தறிவு?"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த இடத்தில் வரதன் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்: "இது பதவி பாராத, முகம் பாராத, மனிதத் தலையீடு இல்லாத நேர்மையின் நுழைவாயில். பொது மேலாளர் முதல் கடைநிலை ஊழியர் வரை எட்டு மணி அனைவருக்கும் எட்டு மணியே."

"சார், கீழ இருக்கற புரோகிராம் அப்படிச் செய்யலையே," என்றாள் ஷைனி.

"அது மெஷின் சமாச்சாரம். அதை யார் படிக்கப்போறாங்க?"

வழவழப்பான தாளில் புத்தகம் அச்சாகி வந்தது. முன்னுரையில் வரதனின் படம், கதவில் சாய்ந்தபடி. வந்த விருந்தாளிக்கெல்லாம் சால்வையோடு ஒரு பிரதி.

தரச்சான்று கொடுக்க வந்த தணிக்கையாளர்தான் வினையாக வாய்த்தார். அந்த மனுஷர் புரோகிராமைப் படித்துவிட்டார். மேலே எழுதியிருப்பதும் கீழே இருப்பதும் ஒத்துப்போக வேண்டும், அதுதான் இந்த முறையின் உயிர் என்றார். இங்கே தமிழ் ஒன்று சொல்கிறது, புரோகிராம் வேறொன்று செய்கிறது. இது பெரும் முரண்பாடு. இரண்டில் ஒன்றை மாற்றிவையுங்கள், திங்கட்கிழமை வந்து மூன்று நாள் கதவைக் கவனித்துவிட்டுச் சான்று தருகிறேன் என்று போய்விட்டார்.

"புத்தகத்தை மாத்த முடியாது. போட்டோவோட அச்சாயிடுச்சு," என்றார் வரதன். "கதவை மாத்து."

"நிஜமாவே மாத்திடட்டுமா சார்?"

"எத்தனை தரம் கேப்பே? இது நல்லபடியா முடியட்டும், உன் நிரந்தர உத்தரவு என் மேஜை மேலதான் இருக்கு."

அது மேலேயிருந்து மேஜை வரை இறங்கிவிட்ட செய்தியே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். ஷைனி எடிட்டரைத் திறந்தாள். அதிகாரிகளை விடும் வரியை அழித்தாள். பொத்தானை அழுத்தினாள். குழுவில் இருந்த ஒருவருக்கும் அதன் அர்த்தம் உறைக்கவில்லை. புத்தகத்தில் இருப்பது நடந்துவிடும் என்று எந்த அதிகாரிதான் எதிர்பார்ப்பார்?

திங்கட்கிழமை ரயில் கவரைப்பேட்டையில் நின்று இளைப்பாறியது. முந்தைய வண்டியில் போன ஷைனி தப்பித்தாள். எனக்குச் சிவப்பு. சின்னப்பொண்ணுக்கு இரண்டாவது சிவப்பு. கதவுக்கு எதிரே இருக்கும் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். ஒன்பதே முக்காலுக்குக் கார் வந்தது. வரதன் அட்டையை நீட்டினார். சிவப்பு. துடைத்துவிட்டு நீட்டினார். சிவப்பு.

"சாலமோன்! கதவைத் திறய்யா!"

வாசல் காவலர் சாலமோன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "சாவி என்னாண்டதான் சார் கீது. ஆனா புக்குல 'மனிதத் தலையீடு இல்லாத'ன்னு போட்டுக்குது. தணிக்கை சாரு ஜன்னலாண்டயே குந்திகினு பாத்துகினு கீறாரு. நான் தலையிட்டா சர்ட்டிபிகேட் பூடும்."

"யோவ், நான் ஜி.எம்.!"

"அதுவும் போட்டுக்குது சார். 'பொது மேலாளர் முதல்'னு. உங்களுதுதான் மொதல் பேரே."

வரதன் புங்கமரத்துக்கு வந்தார். சின்னப்பொண்ணு எழுந்து தான் உட்கார்ந்திருந்த கல்லைத் தட்டிக் கொடுத்தாள்.

"குந்துங்க சார். மொதல் தபாவா? கொஞ்சம் பேஜாராத்தான் இருக்கும். நாஷ்டா ஆச்சா?"

"டிராபிக்ல மாட்டினா நான் என்னம்மா பண்றது?" என்று வரதன் அவளிடமே முறையிட்டார்.

"சீக்கிரமா கெளம்பணும் சார். நீங்கதான அப்டி நோட்டீஸ் ஒட்டினீங்க."

எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸில் டீ கொடுத்தார். பன்னிரண்டு மணி வரை நவதுருவாவில் சமத்துவம் நிலவியது, வெளியில்.

செவ்வாய்க்கிழமை வரதன் ஆறரைக்கே கிளம்பினார். நெடுஞ்சாலையில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. எட்டு நாலுக்கு வந்தார். இரண்டாவது சிவப்பு. இன்னொன்று விழுந்தால் பொது மேலாளரின் அட்டை செத்துவிடும். அவரை நீக்கிய பெருமை அவர் எழுதிய வாக்கியத்துக்கே சேரும். அன்று அவர் வீட்டுக்கே போகவில்லை. முதலுதவி அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டார். புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பல் துலக்கும் பிரஷ் வாயில் இருக்க, வாசலுக்கு வெளியே போய், திரும்பி நின்று, அட்டையைக் காட்டி உள்ளே வந்தார். பச்சை எரிந்ததும் அவர் கண் கலங்கியதாக சாலமோன் சொன்னார்.

தணிக்கையாளர் சான்றைக் கொடுத்தார். எழுத்துக்கும் செயலுக்கும் இவ்வளவு பொருத்தத்தைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்றார். கைதட்டினோம். மேலும் கீழும் என்றைக்கும் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சான்று ரத்து என்பது மட்டும் நிபந்தனை.

வியாழக்கிழமை குழு கூடியது.

"எல்லாருக்குமே பத்து நிமிஷம் சேத்துக் குடுத்துடலாமே சார்," என்றாள் ஷைனி. "ஒரு நம்பர் மாத்தினா போதும்."

"அப்ப ஒழுக்கம் என்னாகறது?" என்றார் வரதன்.

எல்லோரும் தலையாட்டினோம். ஆகவே அதிகாரிகளுக்கான வரி மீண்டும் சேர்க்கப்பட்டது. பொது மேலாளருக்கு விழுந்த இரண்டு சிவப்புகளும் எனக்கு விழுந்த ஒன்றும் சோதனை ஓட்டத்தில் நேர்ந்தவை எனக் கருதி நீக்கப்பட்டன.

"சின்னப்பொண்ணு அக்காவுக்கும் அன்னைக்குத்தான் சார் விழுந்துது."

"அது லேட்டா வந்ததால விழுந்ததும்மா," என்று கல்பனா பொறுமையாக விளக்கினார்.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் வரதனின் வாக்கியத்தை எடுத்துவிட்டு, அந்த வரிக்கு ஒரு காரணம் எழுத வேண்டும். "நீயே எழுதிடு. உனக்குத்தான் நல்லா வருது," என்று வரதன் ஷைனியிடம் ஓர் உறையை நீட்டினார். உள்ளே நிரந்தர உத்தரவும் அதிகாரி நிலையில் புது அட்டையும் இருந்தன. ரயிலில் அன்று சாயந்திரம் சின்னப்பொண்ணுதான் எல்லோருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். "எங்க ஷைனி ஆபீசர் ஆயிட்டா," என்று பெட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரமே ரயில் மறுபடி கவரைப்பேட்டையில் நின்றது. மூன்று பேரும் ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்தோம். எட்டு ஆறு. என் அட்டைக்குப் பச்சை, உள்ளே போய்விட்டேன். ஷைனி கொஞ்சம் தயங்கினாள்.

"போம்மா, நீ இன்னாத்துக்கு நிக்கிற?" என்று சின்னப்பொண்ணுதான் அவளைத் தள்ளிவிட்டாள்.

ஷைனிக்கும் பச்சை. பின்னாலேயே சின்னப்பொண்ணு அட்டையை நீட்டினாள். அவளுக்கு மூன்றாவது சிவப்பு. அட்டையில் இருந்த பெயர் கதவுத் திரையில் ஒரு தடவை மின்னி அணைந்தது. சாலமோன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சின்னப்பொண்ணு கேட்டாள்: "ஷைனி, உன் புக்குல இதுக்கு இன்னாம்மா போட்டுக்குற?"

"இன்னும் எழுதலக்கா."

"எழுதினா சொல்லு," என்று சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

மத்தியானம் ஷைனி அந்தப் பக்கத்தை அச்செடுத்து என் மேஜைக்குக் கொண்டுவந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. நான் கவனிக்காதது போல இருந்துகொண்டேன். "எட்டு மணி தாண்டி வரும் தொழிலாளிக்குக் கதவு திறக்காது. அதிகாரிக்குத் திறக்கும்" என்று அவள் முதலில் எழுதியது அப்படியே திரும்பி வந்திருந்தது. 'யாரைக் கேட்டாலும் சொல்லவில்லை' என்பதை எடுத்துவிட்டிருந்தாள். அந்த இடத்தில் புதிதாக, 'காரணம்: நிர்வாக வசதி' என்று இருந்தது.

"சரியா இருக்கா சார்?"

இரண்டு தடவை படித்தேன். கடைசியில் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் வைத்துக் கொடுத்தேன்.