தேன் பதத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம்; சமையலறைத் தொட்டி மட்டும் நலமில்லை. மாப்பிள்ளையையும் குழந்தைகளையும் போனிலேயே விசாரித்துவிட்டதால் அந்த வரியை மிச்சம் பிடிக்கிறேன். என்னைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு வருவதாகச் சொன்னாயே, வேண்டவே வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தொண்டை தளர்ந்துவிட்டது, தண்ணீர் புரையேறும், இனி எதைக் குடித்தாலும் மாவு கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கிக் குடியுங்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் சும்மா தலையாட்டியிருக்கலாம், வாய் கேட்கவில்லை, "எத்தனை சென்டிபாய்ஸ் டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் என்னைப் பார்த்தாள். பெயின்ட் கம்பெனி லேபில் ஆயுள் முழுக்கப் பாகுத்தன்மை அளந்தவனிடம் வெறுமனே தேன் என்றால் எப்படி? தண்ணீர் ஒரு சென்டிபாய்ஸ், தேன் பத்தாயிரம்கூடப் போகும், குளிரில் இன்னும் ஏறும், சூட்டில் இறங்கும். நர்ஸ்தான், "ஐயா, ஸ்பூனைச் சாய்ச்சா மெதுவா வடியணும், அவ்வளவுதான்" என்று முடித்தாள்.

முதல் நாள் மாவைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் தேடப் போனேன், அது நெற்றியில் இருந்தது, திரும்பி வந்தால் தம்ளருக்குள் ஸ்பூன் அட்டென்ஷனில் நிற்கிறது, அதைத் தொட்டியில் கொட்டினேன், தொட்டி அடைத்துக்கொண்டது, பிளம்பர் வந்து, "என்ன சார், போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சினீங்களா?" என்கிறான். டீயை ஸ்பூனால் தின்றேன். குடித்த மாதிரியும் இல்லை, தின்ற மாதிரியும் இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்து, அடியில் ஓட்டை போட்ட என் அளவுக் கோப்பையைப் பரணிலிருந்து இறக்கினேன். (பெயின்ட் படாதது, பதறாதே.) ஓட்டையை விரலால் அடைத்து நிரப்பி, விரலை எடுத்தபின் தாரை அறுந்து சொட்டாகிறவரை எத்தனை செகண்டு என்பதுதான் கணக்கு. சென்டிபாய்ஸெல்லாம் காகிதத்துக்கு, லேபில் பேச்சு செகண்டுதான். அதற்கு எப்போதும் இரண்டு பேர். விரல் எடுப்பவன் "விட்டேன்" என்பான், கடிகாரக்காரன் "பிடிச்சேன்" என்பான். நான் சமையலறையில் நின்று "விட்டேன்" என்றேன். ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமியது. உன் அம்மா போனபிறகு இந்த வீட்டில் எனக்குப் பதில் சொல்ல ஆளில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கீழே கடை வைத்திருக்கும் தையல்காரரைக் கூப்பிட்டேன். இப்போது தினமும் காலையில் கழுத்தில் டேப்போடு மாடியேறி வருகிறார். "பிடிச்சேன்! நாப்பது செகண்டு. கடையைத் தொறக்காம உங்க தண்ணிக்குக் காவல் நிக்கறேன் பாருங்க, எல்லாம் என் தலையெழுத்து" என்று திட்டிவிட்டு, உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுத்தான் போகிறார். சாயங்காலம் நீ வேறு போனில் "இன்னைக்கு எத்தனை செகண்டுப்பா?" என்று கேட்கிறாய். எனக்கு ஒரு குறையும் இல்லை. வராதே.

நீங்கள் எல்லோரும் எதையும் அளக்காமல் குடித்து, நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கெட்டியாக இருக்கும் அப்பா

பி.கு.: லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக இப்போதுதான் உன் மெசேஜ் வந்தது. இனி மறைக்கக் கூடாது. டாக்டர் போன வாரமே சோதித்துப் பார்த்து, தொண்டை சரியாகிவிட்டது, வெறும் தண்ணீரே குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார். தையல்காரரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே, வெறும் தண்ணீரை அளக்க யார் மாடியேறி வருவார்கள்? ஆகவே நீ வருவதற்கு இப்போது ஒரு காரணமும் இல்லை. இருந்தாலும் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்.