புலியின் கடைவாய்ப் பல்லும் துணைக்குப் போன சருகுமானும்

ஒரு காட்டில், பல் ஆஸ்பத்திரி வைக்கும் அளவுக்கு முன்னேறிவிட்ட காட்டில்தான், உக்கிரபாண்டி என்ற புலி இருந்தது. ஒருநாள் அது தங்கபுஷ்பம் என்ற சருகுமானைப் பிடித்தது. சருகுமான் முயல் அளவே இருக்கும் மெத்தென்ற பிராணி. ஆனால் பல் பட்டதும் அலறியது என்னவோ புலிதான்.

“கடைவாய்ப் பல்லா அண்ணாச்சி? சொத்தையா இருக்கும். வெந்நி குடிச்சா சுருக்குனு இழுக்குமே?” என்று கேட்டது தங்கபுஷ்பம். உயிர் போகிற நேரத்திலும் அடுத்தவர் நோயை விசாரிக்காமல் இருக்க அதனால் முடியாது.

“ஆமா தாயி. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா. பல்லு சரியானதும் உன்னைக் கவனிச்சுக்கிடுறேன்.”

ஓடிவிடலாம்தான். ஆனால் சொத்தை புலியின் பல்லில்தானே, காலில் இல்லையே! பல் சரியாகாத வரைக்கும் தன் உயிருக்கு ஆபத்தில்லை என்று தேற்றிக்கொண்டு கூடவே நடந்தது.

டாக்டர் மரங்கொத்தி புலியின் வாய்க்குள் தலையை விட்டுத் தட்டிப் பார்த்தது. “சொத்தை ஆழமாப் போயிருச்சு. சும்மா அடைச்சா நிக்காது. வேர் சிகிச்சை பண்ணிட்டு மேல மூடி மாதிரி கேப் போடலாம். இல்லேன்னா பிடுங்கிரலாம்.”

புலியின் வாய் திறந்தே கிடந்ததால் தங்கபுஷ்பம்தான் பதில் சொன்னது. “எதுக்கும் இன்னொரு டாக்டரைப் பார்த்துட்டு வாறோம்.”

முள்ளம்பன்றி டாக்டர் பிடுங்கச் சொன்னது. கரடி வைத்தியர் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைக்கச் சொன்னது. போன இடமெல்லாம் டோக்கன், போன இடமெல்லாம் எக்ஸ்ரே. புலி கஞ்சி குடித்தே இளைத்தது. தங்கபுஷ்பம் ஒரு சுற்றுப் பெருத்தது.

கடைசியில் புலி உடைந்து அழுதது. “எனக்கு ஒண்ணும் ஓடலை தாயி. இது உன் பல்லா இருந்தா நீ என்ன செய்வே?”

ஒரு புலி தன்னிடம் யோசனை கேட்கிறது! தங்கபுஷ்பத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

“பிடுங்கவே பிடுங்காதீங்க அண்ணாச்சி, பக்கத்துப் பல்லெல்லாம் சாஞ்சிரும். வேர் சிகிச்சை பண்ணி கேப் போட்டுக்கிடுங்க. கடைவாய்ப் பல்லு இல்லாம எப்படி மெல்லுவீங்க?”

சொல்லி முடித்த பிறகுதான் அதற்கு உறைத்தது.

மரங்கொத்தி அதேபோல் வேர் சிகிச்சை செய்து கேப் மாட்டியது. புலி கடித்துப் பார்த்தது, வலியே இல்லை.

“எலும்பு கிலும்பு இப்ப வேண்டாம். முதல்ல மெத்துனு ஏதாவது சாப்பிடுங்க” என்றது டாக்டர்.

உக்கிரபாண்டி கண்ணில் நன்றி பொங்க, துணைக்கு வந்தவரைத் திரும்பிப் பார்த்தது.

நீதி: ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகிறவர் அங்கே கிடக்கும் பழைய வார இதழைப் புரட்டிக்கொண்டிருந்தால் போதும். சரியான யோசனை சொல்வது உடம்புக்கு ஆகாது.